துபாய்க்குப் பிள்ளை பிடிக்கப் போனேன்

மே மாதம் வந்துவிட்டால் எங்கள் பக்கத்துப் பேராசிரியர்கள் எல்லாம் பிள்ளை பிடிக்கக் கிளம்பிவிடுவோம். சிரிக்காதீர்கள், அந்த வேலைக்கு நாங்களே வைத்திருக்கும் பெயர் அதுதான். திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, ஒரு மொட்டைக் கரட்டின் அடிவாரத்தில் இருக்கும் தனியார் பொறியியல் கல்லூரியில் நான் கணக்கு வாத்தியார். பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று விசாரித்து, வேகாத வெயிலில் ஸ்கூட்டரில் போய், கொடுத்த மோரை வாங்கிக் குடித்துவிட்டு, "உங்க பொண்ணு எம் பொண்ணு மாதிரிங்க. கவலையே படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். ஆளுக்கு இத்தனை தலை என்று கணக்கு. கொண்டுவராதவருக்குச் சம்பளம் நின்றுவிடும்.

அந்த 'எம் பொண்ணு மாதிரி' எல்லாக் கல்லூரிக்காரர்களுக்கும் மனப்பாடம். கேட்கிற பெற்றோருக்கும் அது தெரியும். வாசலில் செருப்பை மாட்டும்போதே இரண்டு தரப்பும் அதை மறந்துவிடுவோம். அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இப்போது பிடிப்பதற்குத்தான் பிள்ளை இல்லை. வீட்டுக்கு ஒன்று, அதுவும் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் போய்விடுகிறது. எங்கள் தெருவில் ஒரு தொட்டில் பார்த்து வருஷமாகிறது. கல்லூரியின் இரண்டாவது மாடி முழுக்க உடைந்ததும் உடையாததுமாகப் பெஞ்சுகளைக் கூரை முட்ட அடுக்கி வைத்திருக்கிறோம். தாளாளர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "ஆப்பிரிக்காவுல புள்ளைங்க பெருகிக் கெடக்குதாம் சார். துபாய்ல கல்விக் கண்காட்சி போடறாங்க, அங்கிருக்கற உகாண்டாக்காரங்க நைஜீரியாக்காரங்க எல்லாம் வருவாங்களாம். உங்களுக்குத்தான் இங்கிலீஷ் வருது, போய்ட்டு வாங்க" என்றார்.

எனக்கு வேடிக்கையாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போய், சுவர் சுவராகக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்தவன் நான். 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று மைக்கில் கத்தித் தொண்டை கட்டியவன். அப்படிக் கத்தியவனுக்கு இப்போது ஊரான் பெற்ற பிள்ளை தேவைப்படுகிறது. வேடிக்கை என்று மட்டும் நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். வெட்கம் அங்கே போய்த்தான் வந்தது.

துபாயில் அல் குசைஸ் என்கிற பகுதியில் ஷாகுல் பாய் வீட்டில் தங்கினேன். கீழக்கரைக்காரர், மளிகைக் கடை வைத்திருக்கிறார். கல்லூரி நன்றாக நடந்த காலத்தில் அவர் மகன் என்னிடம் படித்தவன். அந்த நன்றிக்கு, முதல் நாள் வந்ததும் வராததுமாக இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வைத்தார். "நல்லாச் சாப்பிடுங்க சார், என்ன கூச்சப்படுறிய? நம்ம வூடு" என்று தட்டை நிரப்பிக்கொண்டே இருந்தார். எங்கள் ஊரில் விருந்தாளி போதும் என்றால் நிறுத்திவிடுவோம். கீழக்கரையில் போதும் என்பதற்கு இன்னும் இரண்டு வை என்று அர்த்தம் போலிருக்கிறது.

மறுநாள் மெட்ரோவில் மானம் போனது. கூட்டம் குறைவாக இருந்த பெட்டியில் சௌகரியமாக ஏறி உட்கார்ந்தேன். சுற்றிலும் பெண்கள். ஒரு பிலிப்பினோப் பெண் தரையில் இருந்த இளஞ்சிவப்புக் கோட்டைக் காட்டி ஏதோ சொன்னாள். அதற்குள் சீருடைக்காரர் வந்துவிட்டார். பெண்கள் பெட்டியாம். நரைத்த தலையைப் பார்த்து அபராதம் போடாமல் விட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் போய், ஆண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கண்காட்சி நடக்கும் தேய்ராவரை நின்றேன்.

கண்காட்சி ஓர் ஓட்டல் கூடத்தில். பக்கத்துக் கல்லூரிகளின் கடைகளில் காபி இயந்திரம், சாக்லேட், கோட்டுப் போட்ட பெண்கள். என்னிடம் ஒரு மேசை, ஒரு பானர். பானரில் இருந்த கட்டடம் எங்களுடையதுதான், அதன் முன்னால் இருந்த புல்வெளி கம்ப்யூட்டரில் போட்டது. நாள் முழுக்க உட்கார்ந்தும் கழிவறை எங்கே என்று கேட்டவர்கள்தான் வந்தார்கள். சாயங்காலம் தாளாளர் போனில் கேட்டார்: "எத்தன சிக்குச்சு சார்?" மீன் பிடிக்கப் போனவனைக் கேட்கிற மாதிரி கேட்டார். "பேசிட்டிருக்கறேங்க" என்றேன்.

திரும்பும்போது மெட்ரோவே வேண்டாம் என்று பஸ் ஏறினேன். அது என்னை எங்கேயோ கிடங்கும் லாரிகளுமாக இருந்த இடத்தில் கொண்டுபோய்க் கடைசி நிறுத்தம் என்று இறக்கிவிட்டது. குளிர்சாதனம் வைத்த பஸ் நிறுத்தத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு நெடுநெடுவென்று ஒரு ஆப்பிரிக்கர் உள்ளே வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு இருக்கை தள்ளி உட்கார்ந்தார்.

"வழி தவறிவிட்டீர்களா, சார்?" என்று அவர்தான் கேட்டார். செக்யூரிட்டி சீருடை போட்டிருந்தார். பெயர் சாமுவேல், ஊர் உகாண்டா. அல் குசைஸ் போக வேண்டும் என்றேன். அவருக்கும் அங்கே ஒரு கட்டடத்தில்தான் டியூட்டி, அங்கேதான் போகிறாராம். "என்னோடு வாருங்கள்" என்று சரியான பஸ்ஸில் ஏற்றி, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

நம் ஆட்களுக்குப் பஸ்ஸில் உட்கார்ந்தால் அடுத்த கேள்வி என்ன? அதைக் கேட்டேன். எத்தனை குழந்தைகள்? ஐந்து என்றார். நாக்கு சும்மா இருந்ததா? "அச்சச்சோ" என்றேன். சின்னக் குடும்பத்தின் மேன்மையைப் பற்றிப் பழைய மைக் பிரசங்கத்தை ஆங்கிலத்தில் எடுத்துவிட்டேன். வழி தெரியாமல் தவித்தவனைக் கூட்டிக்கொண்டு போகிற மனுசனுக்கு, அவன் பெற்ற பிள்ளைகள் அதிகம் என்று பாடம் நடத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "என் அப்பாவுக்குப் பதினோரு பிள்ளைகள், சார். வாழைத் தோட்டத்தைப் பிரித்ததில் எனக்கு வந்தது நான்கு வரிசை. அதை வைத்துப் பிழைக்க முடியாமல்தான் இங்கே இன்னொருவர் வீட்டுக் கதவைக் காக்கிறேன். நீங்கள் சொல்வது எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு, "எங்கள் பள்ளியில் உள்ளே இடம் இல்லாமல் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து படிக்கிறார்கள். பிள்ளைகள் இருக்கிறார்கள், பெஞ்சுதான் இல்லை" என்றார்.

எங்கள் இரண்டாவது மாடி ஞாபகம் வந்தது.

பிறகு என் பிள்ளைகளை விசாரித்தார், ஒரே மகன், கனடாவில் என்றேன். ஊரைக் கேட்டார். திருச்செங்கோடு என்றேன், தெரியவா போகிறது என்று. மனுசன் துள்ளி உட்கார்ந்தார்! அவர் கிராமத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டது, உலகம் முழுக்கத் துளை போடப் போகிற எங்கள் ஊர் ரிக் வண்டிகளில் ஒன்றாம். வண்டி முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்களாம். முதலில் துளை போட்ட இரண்டு இடத்தில் தண்ணீர் வராமல் வெறும் மண்புகைதான் வந்ததாம். "ஏமாற்றிவிட்டுப் போய்விடுவார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் போகவில்லை. மரத்தடியில் சோறாக்கித் தின்றுகொண்டு மூன்றாவது இடத்திலும் போட்டார்கள், தண்ணீர் வந்தது. என் மூத்த மகள் ரூத் அதற்குப் பிறகுதான் குடத்தைப் போட்டுவிட்டு ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனாள்." என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் ஏதோ என் கையால் தோண்டிய மாதிரி சிரித்தேன்.

ரூத் பள்ளி முடித்துவிட்டாள், சிவில் படிக்க ஆசை, பாலம் கட்ட வேண்டுமாம். நான் பையிலிருந்து எங்கள் கல்லூரி விளம்பரப் புத்தகத்தை எடுத்தேன். கொஞ்சம் முன்னால் வரைக்கும் அதிகமாக இருந்த பிள்ளை, இப்போது எனக்குத் தேவைப்பட்ட பிள்ளை ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் அவருக்கு விடுமுறை. குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கண்காட்சிக்கே வந்துவிட்டார். ரூத்தின் மதிப்பெண்களைப் போனில் காட்டினார். கணக்கில் கெட்டிக்காரி. எங்கள் கல்லூரிக்கு இப்போது இந்த மாதிரிப் பிள்ளைகள் வருவதே இல்லை.

"சிவில் துறை நன்றாக இருக்குமா, சார்?"

சிவில் துறையில் இருந்த இரண்டு ஆசிரியர்களும் பொங்கலோடு வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மெக்கானிக்கல் துறையில் புதிதாகச் சேர்ந்த வாத்தியார்ப் பையன் ஒருவன்தான் போய்ப் புத்தகத்தைப் படித்துக் காட்டிவிட்டு வருகிறான். சோதனைக்கூடம் பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. "ரொம்ப நல்ல துறை" என்றேன். பிறகு, பழக்க தோஷத்தில், அந்த வசனம் தானாக வந்தது. ஆங்கிலத்தில் வந்தது. உங்கள் மகள் என் மகள் மாதிரி, நான் பார்த்துக்கொள்கிறேன்.

சாமுவேல் எழுந்து நின்றுவிட்டார். என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நானும் அப்படி வளர்ந்தவன்தான், சார். எங்கள் ஊரில் பிள்ளைகள் நிறைந்த வீட்டிலிருந்து, பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஒன்றை அனுப்புவோம். என் பெரியப்பா வீட்டில்தான் நான் படித்தேன். உங்களுக்கு ஒரே மகன், அவனும் கனடாவில் என்றீர்கள். வீடு காலியாகத்தானே இருக்கும்? ரூத் உங்கள் வீட்டில் இருக்கட்டும். கடவுள் ஒரு காரணத்தோடுதான் உங்களைத் தவறான பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார்."

இதென்னடா வம்பு என்று ஆகிவிட்டது எனக்கு. சொல்லித் திருத்துவதற்குள் அவர் ஊருக்கு வீடியோ கால் போட்டுவிட்டார். திரை நிறைய முகங்கள். சின்னதுகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தன. ரூத் நடுவில் நேராக நின்றாள், ஒல்லியாக, பெரிய கண்களோடு. "குட் ஈவ்னிங், அப்பா" என்றாள் என்னைப் பார்த்து. அவள் அம்மா, மகளுக்குக் காரம் ஆகாது என்று உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள் என்றாள். சரி, சரி என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய? ஒரு தலை கிடைத்திருக்கிறது.

அன்று கராமாப் பகுதியில் ஒரு ஓட்டலில் ஷாகுல் பாய் மீன் சாப்பாடு வாங்கித் தந்தார். வஞ்சிர மீன் குழம்பு, பொரியல், அப்பளம். நம் ஊர் மாதிரியே எவர்சில்வர் தட்டில் வாழையிலையை வெட்டி விரித்திருந்தார்கள். பக்கத்து மேசையில் ஒருவர் லீவு கிடைக்காததைப் பற்றி மலையாளத்தில் புலம்பிக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் பாயிடம் ஒரு நகைச்சுவை மாதிரிதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"சிவிலுக்கு ஆள் இருக்கா சார் இப்ப?"

"இல்லீங்க."

"அத அந்த ஆளுட்ட சொன்னியளா?"

நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"சரி, அந்தப் புள்ள உங்க வூட்டுல இருக்கப்போவுதா?"

"அது எப்படிங்க பாய்? என் வீட்டுக்காரி ஒத்துக்குவாளா? ஊர்ல என்ன பேசுவாங்க? போன வருசம் பக்கத்துக் காலேஜுக்குப் படிக்க வந்த தான்சானியாப் பசங்களுக்கே எங்க ஊர்ல ஒருத்தரும் வாடகைக்கு வீடு விடல."

"வூட்டுல கேட்டியளா?"

"கேக்கவே வேண்டாங்க. எனக்குத் தெரியும்."

பாய் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "நானும் ஏவாரிதான் சார். வெங்காயம் அழுவிருந்தா, இன்னக்கி வேணாம், நாளைக்கி வாங்கன்னு சொல்லிருவேன். இங்க நம்மளுக்கு இருக்குறது அந்தப் பேரு ஒண்ணுதான். அந்த ஆளு ராவும் பகலும் நின்டு சம்பாரிக்கிற காசு. அவரு நம்ம ஊரு வண்டிய நம்பி வந்திருக்காரு." அப்புறம் அவர் பாயசத்தை என் பக்கம் தள்ளினார். எனக்கு அவமானமாக இருந்தது, ஆனால் அதைவிட, சொல்லிவிட்டால் இந்த ஒரு தலையும் போய்விடுமே என்ற பயம் பெரிதாக இருந்தது. எந்த மூஞ்சியோடு தாளாளரைப் பார்ப்பது?

கடைசி நாள், உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் சாமுவேல் டியூட்டி பார்க்கிற கட்டடத்துக்குப் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன். அனல் காற்று முகத்தில் அடித்தது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் ஓடிவந்து கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லித் தன் நாற்காலியைக் கொடுத்தார். அவருக்கு இருப்பது அந்த ஒரு நாற்காலிதான்.

"சாமுவேல், ஒரு விஷயம் சொல்ல வேண்டும்" என்று ஆரம்பித்தேன்.

"முதலில் இதைப் பாருங்கள், சார்." மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பையை எடுத்தார். பூப் போட்ட போர்வை, தலையணை உறை, துண்டு, ஒரு மேசை விளக்கு. எல்லாம் புதிது. "ரூத்தின் அறைக்கு" என்றார். "அவள் வரும்போது தூக்கிக்கொண்டு வரச் சிரமம். நீங்கள் போகிறீர்களே." அடியில் தனியாக ஒரு பொட்டலம். "இது உங்கள் வீட்டு அம்மாவுக்கு. சின்னத் துணி, குறை நினைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்."

சொல்லவந்ததை விட்டுவிட்டு, பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். விலாசம் வேண்டும் என்று போனை நீட்டினார். வீட்டு விலாசம். நான் அதை வாங்கிக் கல்லூரி விடுதியின் விலாசத்தை அடித்துக் கொடுத்தேன். அவர் அதை ஒருமுறை மெதுவாக வாசித்துப் பார்த்துவிட்டு, சட்டைப் பைக்குள் போனைப் பத்திரமாக வைத்தார். இதை எழுதும்போதுகூட, அதை அடித்த என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நானா அப்படிச் செய்தேன்? நான்தான்.

ஊருக்கு வந்து சேர்ந்தேன். வீட்டில் தனம் பையைப் பிரித்தாள். தனம் என் மனைவி, அதிகம் பேசமாட்டாள். போர்வையை விரித்துப் பார்த்தவள், "யாருக்குங்க இது? நமக்கா?" என்றாள். பொய் சொல்லச் சட்டென்று எதுவும் தோன்றவில்லை. பஸ்ஸில் தொடங்கி விலாசம் வரைக்கும் சொன்னேன். விலாசத்தைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஏனுங்க, மாடி பூட்டித்தான கெடக்குது?" என்றாள்.

"நீ ஒத்துக்க மாட்டேன்னு நெனச்சேன்."

"என்னக் கேட்டீங்களா? உங்களுக்குப் பயம்னா உங்களுக்குப் பயம்னு சொல்லோணும். எம்பேரச் சொல்லித் தப்பிச்சுக்கறதா?" பொட்டலத்தில் இருந்த துணியைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். சிவப்பில் மஞ்சள் பூ. பிறகு, "அது கெடக்கட்டும். நம்ம பையன அந்தக் காலேஜ் வாசல மிதிக்க உட்டீங்களா நீங்க? கோயம்புத்தூருக்குத்தான கூட்டிட்டு ஓடுனீங்க?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை. பதிலுக்கு நிற்காமல், போர்வையையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

நான் சாமுவேலுக்குப் போன் போட்டேன். அவர் எடுத்ததும், நிறுத்தினால் மறுபடியும் கோழையாகிவிடுவேன் என்று பயந்து, மூச்சு விடாமல் சொன்னேன். சிவில் துறையில் ஆசிரியர் இல்லை. எங்கள் கல்லூரியில் உங்கள் மகளைச் சேர்க்காதீர்கள். நான் கொடுத்தது என் வீட்டு விலாசம் இல்லை. நான் உங்களிடம் சொன்னது எல்லோரிடமும் சொல்லுகிற வார்த்தை.

அந்தப் பக்கம் லிஃப்ட் கதவு திறந்து மூடுவது கேட்டது. யாருக்கோ "குட் மார்னிங், மேடம்" என்றார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"ஆக, முதல் இரண்டு இடத்தில் புகைதான் வந்திருக்கிறது, சார்" என்றார் கடைசியில். "எனக்கு அந்த ஊரில் வேறு யாரையும் தெரியாது. நல்ல கல்லூரியாக நீங்களே பாருங்கள். ரூத்திடம் நான் எதுவும் சொல்லப்போவதில்லை, உங்களை அப்பா என்று கூப்பிட்டுவிட்டாள். அவள் தங்குவதற்கு அறை உண்டா இல்லையா? அதை மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள்."

மேலே தனம் கட்டிலை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"உண்டு" என்றேன். போனை வைத்துவிட்டுக் கட்டிலின் இன்னொரு பக்கத்தைப் பிடிக்க மாடிக்கு ஏறினேன்.